பாராபுல்லாவிலிருந்து நரேலா வரை: தில்லியின் நகரத் திட்டமும் சுற்றுச்சூழல் நீதியும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூன் 1 அன்று, தெற்கு தில்லியின் ஜங்க்புராவில் பாராபுல்லா நாலா என்னும் வடிகால் ஓடையின் கரையிலிருந்த மதராசி கேம்ப் இடிக்கப்பட்டது. அதன் பிறகு தில்லித் தமிழர்கள் கூடும் இடங்களிலெல்லாம், கோயில் பிரகாரத்திலும் பள்ளி வாசலிலும் பொங்கல் விழாப் பந்தலிலும், சில கேள்விகள் திரும்பத் திரும்ப எழுகின்றன. அவற்றுக்கு இங்கே விடை சொல்லப் பார்த்திருக்கிறேன். எரிச்சலோடு கேட்கப்பட்டவற்றையும் ஒதுக்கவில்லை. பெரும்பாலும் அவைதான் நல்ல கேள்விகளாக இருந்தன.

மதராசி கேம்ப்பில் என்னதான் நடந்தது?

நிஜாமுதீன் ரயில் நிலையத்துக்கு அருகே, ஜஹாங்கீர் காலத்துப் பாராபுல்லா பாலத்தை ஒட்டி, தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்ந்த குடியிருப்பு அது. ஆண்கள் கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் போனார்கள். பெண்களில் பலர் ஜங்க்புரா, நிஜாமுதீன், லாஜ்பத் நகர் வீடுகளில் சமையலும் பாத்திரமும் துடைப்பமுமாக உழைத்தார்கள். நாலா குறுகிப்போனதால் மழைக்காலத்தில் சுற்றுவட்டாரம் மூழ்குகிறது, தூர்வாரும் இயந்திரம் கரைக்கு வர வழியில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் இடிப்புக்கு உத்தரவிட்டது. நிலம் பொது நிலம் என்பதால், மறுவாழ்வுக்கான உரிமையைத் தாண்டி அங்கிருப்பவர்கள் எதையும் கோர முடியாது என்றது. 370 குடிசைகளில் 189 குடும்பங்களுக்கு, நகரின் வடக்குக் கோடியிலுள்ள நரேலாவில் வீடு பெறும் தகுதி இருப்பதாக அப்போதைய பட்டியல் சொன்னது. மற்றவர்களுக்கு என்ன என்பதற்கு அந்தப் பட்டியலில் விடை இல்லை.

வெள்ளம் வருகிறது, நாலாவைத் தூர்வாரித்தானே ஆக வேண்டும்? இதில் என்ன அநியாயம்?

தூர்வார வேண்டும், சந்தேகமே இல்லை. 2024 ஜூன் 28 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 228 மில்லிமீட்டர் மழை கொட்டியதையும், லுட்யன்ஸ் தில்லியின் பங்களாக்களுக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததையும் பார்த்தவர்கள் யாரும் வடிகாலைப் பற்றி அலட்சியமாகப் பேச மாட்டார்கள். சாக்கடை ஓரத்தில் குழந்தை வளர்ப்பது நல்ல வாழ்க்கை என்று சொல்பவனும் நானில்லை.

ஆனால் அந்த நாலாவைக் குறுக்கியவர்கள் யார் யார் என்று மேலிருந்து கீழ்வரை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும். தெற்கு தில்லியின் மேட்டுப் பகுதிகளில் விழும் மழையை யமுனைக்குக் கொண்டுபோகும் இயற்கையான ஓடை இது. குஷக் நாலா, சுனேரி புல் நாலா போன்ற கிளைகள் இதில் வந்து சேர்கின்றன. வழியெங்கும் காலனிகள், மேம்பாலங்கள், வாகன நிறுத்தங்கள். டிஃபென்ஸ் காலனியில் நாலாவின் ஒரு பகுதியைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். அதை எதிர்த்துக் குடியிருப்பவர்களே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். மூடிய நாலாவுக்குள் ஜே.சி.பி. எப்படி இறங்கும்? 2010 காமன்வெல்த் போட்டிக்காகத் தெற்கு தில்லியிலிருந்து யமுனைக் கரைக்கு ஒரு மேம்பாலச் சாலை கட்டினார்கள். அது இந்த நாலாவின் மேலேயே ஓடுகிறது, அதன் தூண்கள் நாலாவுக்குள்ளேயே நிற்கின்றன. அந்தத் தூண்களுக்கு யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

இதுதான் நான் சொல்ல வரும் விஷயம் முழுவதும். வடிகாலைச் சீர்செய்வது தவறல்ல. சீர்செய்வதற்கான விலையை யாரிடம் முதலில் வசூலிக்கிறோம், யாரிடம் வசூலிப்பதே இல்லை என்பதுதான் கேள்வி.

தூர்வாருவது எப்படி நடக்கிறது என்றும் ஒருமுறை நின்று பார்க்கலாம். மழைக்கு முன்பு இயந்திரம் வந்து நாலாவுக்குள் கையை விடும். வெளியே வருவது வெறும் வண்டல் அல்ல: பால் பாக்கெட், குட்கா உறை, தெர்மாகோல், கிழிந்த மெத்தையின் பஞ்சு, எங்கோ வீடு இடித்த செங்கல். ஈரம் வடியட்டும் என்று கரையிலேயே குவித்துவிடுவார்கள். லாரி வந்து அள்ளுவதற்குள் முதல் மழை வந்துவிட்டால், குவித்ததில் ஒரு பங்கு மறுபடியும் நாலாவுக்குள் போய்விடும். செங்கலும் மெத்தையும் குடிசையிலிருந்து மட்டும் வருவதில்லை.

“சுற்றுச்சூழல் நீதி” என்கிறீர்களே, அது என்ன?

ஊர் நன்றாக இருப்பதன் பலன் யாருக்குக் கிடைக்கிறது, ஊரின் அழுக்கு யார் தலையில் விழுகிறது, இவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் யாருக்கு நாற்காலி உண்டு என்று கேட்பது. அவ்வளவுதான்.

நாலா ஓரத்தில் குடிசை போடச் சொன்னது யார்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பதிலை எதிர்பார்ப்பதில்லை, ஆனாலும் ஒரு பதில் இருக்கிறது. தில்லி வளர்ச்சி ஆணையம் 1957-இல் அமைந்தது. நகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுக்கும் முதல் மாஸ்டர் பிளான் 1962-இல் வந்தது. நகரத்துக்கு வந்து சேரும் குறைந்த வருமானக்காரர்களுக்குப் பல மண்டலங்களிலும் இடம் ஒதுக்க வேண்டும், ஏழைகளைத் தனியாகவும் வசதியானவர்களைத் தனியாகவும் பிரித்து வைக்கக் கூடாது என்ற நோக்கம் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. நிலத்தைப் பெருமளவில் கையகப்படுத்தும் வேலை ஒழுங்காக நடந்தது. ஏழைகளுக்கான வீடுகளைக் கட்டும் வேலைதான் தேவைக்கு மிகவும் பின்தங்கியது.

இதற்கிடையே நகரத்துக்கு ஆட்கள் வேண்டியிருந்தார்கள். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு மைதானங்களும் மேம்பாலங்களும் எழும்பின. மதராசி கேம்ப்பிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டு அரங்கமும் அப்போது கட்டியதுதான். கட்டியவர்கள் இரவில் எங்கே படுத்தார்கள் என்று வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. காலியாக இருந்த இடங்களில் படுத்தார்கள். யாருக்கும் வேண்டாத இடங்கள் என்பதால்தான் அவை காலியாக இருந்தன: ரயில் தண்டவாளத்தின் ஓரம், நாலாவின் கரை, யமுனையின் மணல். ஆபத்தான இடத்தை ஏழை விரும்பித் தேர்ந்தெடுத்தான் என்பது போலப் பேசுவது, சட்டியில் இருப்பதை யார் போட்டது என்று பார்க்காமல் அகப்பையைக் குறைசொல்வது.

சட்டவிரோதமாக இடம் பிடித்தவர்களுக்கு அரசு ஏன் வீடு தர வேண்டும்? வரி கட்டுபவர்கள் நாங்கள்.

பொருளை வாங்கும்போது எல்லோரும் கட்டும் மறைமுக வரியை விட்டுவிடுவோம். நீதிமன்றங்களே இந்தக் கேள்வியில் இரு பக்கமும் நின்றிருக்கின்றன. தில்லியின் குப்பைப் பிரச்சினை குறித்த அல்மித்ரா படேல் வழக்கில் 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஆக்கிரமித்தவருக்கு இலவசமாக மாற்று இடம் கொடுப்பது ஜேப்படிக்காரனுக்குப் பரிசு கொடுப்பது போன்றது என்று எழுதியது. வழக்கு குப்பையைப் பற்றியது, குட்டு விழுந்தது குடிசைக்காரர்களுக்கு. அடுத்த சில ஆண்டுகளில் நடந்த பெரிய அகற்றங்களில் ஒன்று, 2004-இல் யமுனைக் கரையிலிருந்த யமுனா புஷ்தா குடிசைப் பகுதியிலிருந்து பல்லாயிரம் குடும்பங்களைக் கிளப்பியது. அவர்களில் ஒரு பகுதியினர் பவானா போன்ற எல்லைப்புறங்களுக்குப் போனார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. 2010-இல் சுதாமா சிங் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், அகற்றுவதற்கு முன்பு கணக்கெடுப்பும் மக்களோடு உண்மையான கலந்தாலோசனையும் வேண்டும் என்றது. 2015 டிசம்பர் குளிரில் ஷகூர் பஸ்தியில் ரயில்வே நிலத்துக் குடிசைகள் இடிக்கப்பட்டதை ஒட்டி எழுந்த அஜய் மாக்கன் வழக்கில், 2019 மார்ச் 18 அன்று அதே நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குடிசையில் வாழ்பவரும் நகரத்தின் மீது உரிமை உள்ளவர், அவரைக் குற்றவாளியைப் போல நடத்தக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2015-ஆம் ஆண்டின் தில்லி மறுவாழ்வுக் கொள்கையும் இருந்த இடத்திலோ அருகிலோ வீடு தருவதையே முதலில் வைக்கிறது. எனவே வீடு கேட்பது சலுகை கேட்பதல்ல. அரசு தானே எழுதிவைத்த விதியைப் பின்பற்றச் சொல்வது.

நரேலாவில் கான்கிரீட் வீடு, கழிப்பறை, குழாய். நாலா ஓரத்தைவிட மேல்தானே?

சுவரை மட்டும் பார்த்தால் மேல்தான். ஆனால் வீடு என்பது சுவர் மட்டுமல்ல, அங்கிருந்து எட்டக்கூடிய தூரமும் அதில் சேரும். ஜங்க்புராவிலிருந்து நரேலா ஏறத்தாழ 40 கிலோமீட்டர், தில்லியின் வடக்கு எல்லை.

காலை ஆறரைக்கு ஒரு வீட்டில் பாத்திரம், எட்டுக்கு இன்னொரு வீட்டில் சமையல், பதினொன்றுக்கு மூன்றாவது வீடு என்று வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். மதராசி கேம்ப்பிலிருந்து மூன்றுக்கும் நடந்தே போவார். நடுவில் வீட்டுக்கு வந்து பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டும் போவார். நரேலாவிலிருந்து ஆறரை மணி வீட்டைப் பிடிக்க வேண்டுமானால் இருட்டில் கிளம்ப வேண்டும். பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாச் சலுகை 2019 முதல் இருக்கிறது. அது பணத்தை மிச்சப்படுத்தும், நேரத்தை மிச்சப்படுத்தாது. முதலில் காலை வேலை போகும், பிறகு மற்றதும் போகும். நரேலாவில் அதே வேலை கிடைக்காதா என்பார்கள். சுற்றிலும் தன்னைப் போன்றவர்களே குடியிருக்கும் இடத்தில் யார் வீட்டில் போய்ப் பாத்திரம் தேய்ப்பது?

அடுத்து பள்ளி. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், ஆர்.கே. புரம், ஜனக்புரி என்று நகரத்துக்குள்ளே இருக்கின்றன. மதராசி கேம்ப் பிள்ளைகள் பலர் லோதி எஸ்டேட் பள்ளியில் தமிழ் படித்தார்கள். நரேலாவில் அப்படி ஒரு பள்ளி இல்லை. வீடு மாறியதில் ஒரு குடும்பத்தின் தமிழ் எழுத்து ஒரே தலைமுறையில் அறுந்துபோகலாம். இது எந்தச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையிலும் வராத இழப்பு.

நீடித்த வளர்ச்சி என்ற பேச்சையே எடுத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த மனிதர்களைத் தினமும் 80 கிலோமீட்டர் பயணம் செய்ய வைக்கும் திட்டத்துக்கு எந்த அளவுகோலால் பசுமை என்று பெயர் வைப்பது? ரிட்டாலாவிலிருந்து நரேலா வழியாகக் குண்ட்லி வரை மெட்ரோ பாதைக்கு 2025 ஜனவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ரயில் ஓடத் தொடங்கும்போது பயண நேரம் குறையும். ஆனால் ரயில் முதலில், குடியேற்றம் பிறகு என்று இருந்திருக்க வேண்டும். இங்கே வரிசை தலைகீழ்.

நரேலா வீடு இலவசமா?

இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேல் பங்குத்தொகையும், ஐந்தாண்டுப் பராமரிப்புக்கென்று 30,000 ரூபாயும் கட்ட வேண்டும்.

தகுதிப் பட்டியலில் பெயர் வராமல் போவது எப்படி?

2015 கொள்கையின்படி இரண்டு தேதிகள் முக்கியம். குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அந்தக் குறிப்பிட்ட குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன்பு கட்டப்பட்டிருக்க வேண்டும். அதை வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை, மின் கட்டண ரசீது போன்ற ஆவணங்களால் நிரூபிக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது.

நடைமுறையில் தமிழர்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான். ஆறுமுகம் மகன் முருகேசன் என்பவர் ஊரில் ஆ. முருகேசன். தில்லியில் ரேஷன் அட்டை எழுதியவர் இந்தியில் முர்கேஷ் என்று எழுதியிருப்பார். வாக்காளர் அட்டையில் முருகேசன் ஆறுமுகம் என்றிருக்கும். ஆதாரில் முருகேசன் ஏ. மூன்றும் ஒரே ஆள் என்று கணக்கெடுப்பு அதிகாரி நம்ப வேண்டும். ஒரு பாலித்தீன் பையில் வைத்து, கொடியில் தொங்கவிட்டு, மழைக்கும் எலிக்கும் தப்பவைத்த காகிதங்கள் எழுத்துப் பிழையில் தோற்கின்றன. 1990-இல் வி.பி. சிங் அரசு குடிசைவாசிகளுக்குக் கொடுத்த டோக்கனை இன்றும் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் தில்லியில் உண்டு. அதை எடுத்துக் காட்டும்போது முகத்தில் ஒரு பெருமிதம் தெரியும். ஆனால் 1990-இல் இருந்தீர்கள் என்பதற்கான சான்று, தேவையான ஆண்டிலும் அதே குடிசையில் இருந்தீர்கள் என்பதற்குப் போதாமல் போகலாம்.

இன்னொன்று: வாடகைக்கு இருந்தவர்கள். குடிசையிலும் வாடகை உண்டு என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. அவர்கள் பெயர் பெரும்பாலும் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

இப்போதும் குடிசைப் பகுதியில் இருப்பவர்கள் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெயர் வேறுபாடுகளை இப்போதே திருத்திக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று பிரமாணப் பத்திரம் எடுத்து வையுங்கள். வாக்காளர் பட்டியலின் பழைய பக்கங்களை நகலெடுத்து வையுங்கள். கணக்கெடுப்பு நாளில் வீட்டில் ஒருவராவது இருங்கள். தகுதியில்லை என்று வந்தால் மேல்முறையீட்டுக்கு வழி உண்டு. தில்லி மாநில சட்டப் பணிகள் ஆணையத்தில் வழக்கறிஞர் உதவி இலவசமாகக் கிடைக்கும். கூட்டாகப் போவது நல்லது. தனியாகப் போனவர்களை அலைக்கழிப்பது சுலபம்.

காற்று மாசு எல்லோருக்கும் பொதுதானே? அதில் என்ன ஏழை, பணக்காரன்?

வானம் பொது, நுரையீரலுக்குப் போகும் அளவு பொது அல்ல. நவம்பரில் காற்று கெடும்போது ஒருவர் காற்றுச் சுத்திகரிப்பானைப் போட்டுக் கதவைச் சாத்துகிறார். இன்னொருவர் சாலையோரத்தில் இஸ்திரிப் பெட்டியில் கரியைப் போட்டு ஊதுகிறார். மாசு கடுமையானால் கட்டட வேலைகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வரும். உத்தரவு சரியானதுதான். ஆனால் அன்று அடுப்பு எரியாத வீடு கொத்தனாருடையது, கட்டடத்தின் சொந்தக்காரருடையது அல்ல. இதற்காகப் பதிவு பெற்ற கட்டடத் தொழிலாளர்களுக்கு இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியதால்தான் 2024 இறுதியில் தலைக்கு 8,000 ரூபாய் என்ற ஏற்பாடு வந்தது. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யாதவர்களுக்கு அதுவும் இல்லை. கட்டட வேலை பார்க்கும் தமிழர்கள் முதலில் பதிவைப் புதுப்பித்து வைக்க வேண்டும்.

தண்ணீர் இலவசம்தானே தில்லியில்?

மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் 20,000 லிட்டர் வரை இலவசம். மீட்டர் இருக்க வேண்டுமானால் குழாய் இருக்க வேண்டும். குழாயே போகாத குடியிருப்புகளும், சங்கம் விஹார் போல டேங்கரை நம்பியிருக்கும் பெரிய காலனிகளும் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன? இருப்பதிலேயே விலை உயர்ந்த தண்ணீரை இல்லாதவர்கள்தான் வாங்குகிறார்கள்.

பூங்கா வருவது நல்லதுதானே? யமுனைக் கரை இப்போது எவ்வளவு அழகாக இருக்கிறது!

அழகாகத்தான் இருக்கிறது. சராய் காலே கானுக்குப் பக்கத்தில் பான்சேரா மூங்கில் பூங்காவும், மறுகரையில் அசிதா பூங்காவும் குடும்பத்தோடு போய்வரத் தகுந்த இடங்கள். யமுனையின் வெள்ளச் சமவெளியில் கான்கிரீட் எழும்புவதைவிடப் புல்லும் மூங்கிலும் இருப்பது ஆயிரம் மடங்கு மேல்.

ஆனால் அந்தச் சமவெளியில் பல ஆண்டுகளாகக் கீரையும் வெள்ளரியும் பயிரிட்டவர்களின் நிலத்தையும் நாற்றங்கால்களையும் ஆக்கிரமிப்பு என்று அகற்றியிருக்கிறார்கள். 2023 ஜூலை 13 அன்று யமுனை 208.66 மீட்டர் என்ற வரலாறு காணாத உயரத்தைத் தொட்டது. 1978-இன் சாதனையைவிட ஒரு மீட்டருக்கு மேல் அதிகம். அப்போது சாலையோரக் கூடாரங்களுக்கு முதலில் வந்து சேர்ந்தவர்களும் இந்த விவசாயிகள்தான். அதே சமவெளியில் காமன்வெல்த் போட்டிக்கான விளையாட்டுக் கிராமம் அடுக்குமாடிகளாக நிற்கிறது. அதை எதிர்த்த வழக்கில் 2009 ஜூலையில் உச்ச நீதிமன்றம், அந்த இடம் ஆற்றுப்படுகையும் அல்ல, வெள்ளச் சமவெளியும் அல்ல என்று முடிவு செய்தது. கீரைப் பாத்தி ஆற்றை ஆக்கிரமிக்கிறது, அடுக்குமாடி ஆக்கிரமிக்கவில்லை. இதை ஆற்றிடம் கேட்டால் என்ன சொல்லுமோ!

குப்பை மலைகள்?

காஜிப்பூர், பல்ஸ்வா, ஓக்லா என்று மூன்று. காஜிப்பூர் 1984-இல் தொடங்கியது, 2002-இலேயே நிரம்பிவிட்டது, கொட்டுவது நிற்கவில்லை. 2017 செப்டம்பரில் அதன் ஒரு பகுதி சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். 2022-இல் பல்ஸ்வா நாள்கணக்கில் எரிந்தது. ஒவ்வொரு வீடும் ஈரக் குப்பையைத் தனியாகக் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும். இதற்கு நீதிமன்றமும் வேண்டாம், மாஸ்டர் பிளானும் வேண்டாம்.

இருந்த இடத்திலேயே வீடு கட்டித்தர முடியாதா?

முடியும், செய்தும் காட்டியிருக்கிறார்கள். கால்காஜியில் பூமிஹீன் கேம்ப் மக்களுக்காக அருகிலேயே கட்டிய 3,024 அடுக்குமாடி வீடுகள் 2022 நவம்பரில் திறக்கப்பட்டன. அசோக் விஹாரில் 1,675 வீடுகள் 2025 ஜனவரியில் திறக்கப்பட்டன. வேலை, பள்ளி, மருத்துவமனை எதுவும் மாறவில்லை. ஆக, நகரத்துக்குள் இடமில்லை என்பது முழு உண்மையல்ல. ஆனால் கால்காஜியிலும் பட்டியலில் இடம் பெறாதவர்களின் குடிசைகள் 2025 ஜூனில் இடிக்கப்பட்டன. கட்டடம் அருகில் வந்தும் பட்டியல் அவர்களை வெகுதூரம் தள்ளிவிட்டது.

நாலாவின் கரையிலேயே அடுக்குமாடி கட்ட முடியாது, கட்டவும் கூடாது. ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் அரசு நிலம் இருக்கிறதா என்று தேடியிருக்கலாம். தில்லியில் பெரிய நிலச் சொந்தக்காரர் அரசுதானே! ரயில்வே, மத்திய அரசின் நில அலுவலகம், வளர்ச்சி ஆணையம் என்று கைகள் பல. ஒரு கை கொடுத்தால் இன்னொரு கை தடுக்கிறது. அருகில் வாடகைக் குடியிருப்பு என்ற வழியும் உண்டு. எல்லோருக்கும் சொந்த வீடுதான் வேண்டும் என்பதில்லை, வேலைக்கு நடந்து போகும் தூரத்தில் ஓர் அறை கிடைத்தால் போதும் என்பவர்கள் நிறைய.

மாஸ்டர் பிளானில் நாம் கருத்துச் சொல்ல முடியுமா?

சட்டப்படி முடியும். 2041-க்கான வரைவுத் திட்டம் 2021 ஜூனில் வெளியானபோது பொதுமக்களிடம் ஆட்சேபங்களும் ஆலோசனைகளும் கேட்டார்கள். பெருந்தொற்றின் இரண்டாம் அலை ஓய்ந்தும் ஓயாத நேரம். நூற்றுக்கணக்கான பக்கங்கள். வீட்டு வேலை செய்பவர்களும் தெருவோர வியாபாரிகளும் தொண்டு அமைப்புகளின் உதவியோடு தங்கள் கருத்தை எழுதிக் கொடுத்தார்கள். தமிழ் அமைப்புகளின் குரல் அதில் பெரிதாகக் கேட்டதாக நினைவில்லை. நாம் ஆண்டு விழாவுக்கு அரங்கம் பிடிப்பதில் காட்டும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கை அடுத்த முறை அறிவிப்பு வரும்போது இதில் காட்டலாம். ஒரு சங்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வரைவை வாசித்துத் தமிழில் விளக்கி, வந்தவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்தாலே போதுமானது.

நாங்கள் மயூர் விஹாரில் சொந்த வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கும் இதற்கும் என்ன?

உங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா எங்கிருந்து வருகிறார் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து தானாக நீளும். மேலும், வடிகாலில் சிக்கனம் செய்த நகரம் வீட்டுப் பத்திரத்தைப் பார்த்து வெள்ளத்தை அனுப்புவதில்லை. 2024 ஜூலையில் பழைய ராஜேந்திர நகரில் தரைத்தளத்துக்குக் கீழே இருந்த நூலகத்தில் தண்ணீர் புகுந்து ஆட்சிப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது குடிசைப் பகுதி அல்ல.

இவ்வளவு கஷ்டத்துக்கு ஊருக்கே திரும்பிவிடலாமே? தமிழ்நாடு அரசும் உதவுவதாகச் சொன்னதே?

சொன்னது. விரும்பிச் சொந்த மாவட்டத்துக்குத் திரும்புபவர்களுக்கு உதவுவதாக 2025 ஜூனில் அறிவித்தது. விரும்புபவர்களுக்கு அது நல்ல வழி. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் தில்லியிலேயே பிறந்து, தில்லியிலேயே பிள்ளை பெற்றவருக்கு எது ஊர்? தாத்தாவின் கிராமத்தில் அவருக்கு நிலமும் இல்லை, வேலையும் இல்லை. அங்கே போனால் அவர் தில்லிக்காரர்.

இந்தக் கதை தமிழர்களுக்குப் புதிதும் அல்ல. நடைபாதை வாசிகளின் வாழ்வுரிமை பற்றி 1985-இல் உச்ச நீதிமன்றம் அளித்த புகழ்பெற்ற ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். அதிலுள்ள மனுதாரர்களில் ஒருவர் பி. அங்கமுத்து. சேலம் பக்கத்து நிலமற்ற கூலி. வறட்சியால் 1961-இல் பம்பாய்க்குப் போனவர். 1981 ஜூலையில் அவருடைய குடிசையைப் பிரித்துப்போட்டு, குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏற்றினார்கள். மனைவியும் பெண்களும் சேலத்தில் தங்கிவிட்டார்கள். அங்கமுத்து வேலை தேடித் திரும்பவும் பம்பாய்க்கே வந்து, மறுபடியும் நடைபாதையில் குடியேறினார்.

இதெல்லாம் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. பிழைப்பு இருக்கும் இடத்தில்தான் மனிதன் இருப்பான், வாழும் உரிமைக்குள் பிழைக்கும் உரிமையும் அடக்கம் என்று நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் முறையாக நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னார்கள். நாற்பது ஆண்டுகள் கழித்து மதராசி கேம்ப்பில் நோட்டீஸ் வந்தது, பட்டியலும் வந்தது. ஜங்க்புராவுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு மட்டும் வரவில்லை. நரேலாவில் சாவி வாங்கியவர்களில் சிலர் அந்த வீட்டைப் பூட்டிவைத்துவிட்டு, வேலைக்காக மறுபடி ஜங்க்புரா பக்கமே ஓர் அறை வாடகைக்குத் தேடினால், அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.